நோரோ வைரஸ் ஆய்வகப் பரிசோதனை: புதிதாகச் சேர்ந்தோருக்கான வழிகாட்டி

ஒரு மாணவர் விடுதியிலோ முதியோர் இல்லத்திலோ ஒரே இரவில் இருபது, முப்பது பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டுவிட்டால், மறுநாள் அவர்களுடைய மல மாதிரிகள் ஒரு வைராலஜி ஆய்வகத்தின் வாசலுக்கு வந்து சேர்கின்றன. அந்த ஆய்வகத்தில் அண்மையில் சேர்ந்து, முதல் முறையாக அம்மாதிரிகளைக் கையாளப்போகும் டெக்னீஷியனுக்காகவும் முதுநிலை மாணவருக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது. நோரோ வைரஸுக்கான பரிசோதனை, செய்முறை அளவில் கடினமானதன்று. கிட்டுடன் வரும் தாளைப் பார்த்து ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். அந்தத் தாளில் ஒவ்வொரு படியும் ஏன் அவ்வாறு அமைந்திருக்கிறது என்பதை அறிந்துகொள்வதுதான் கடினம். அதை அறியாதவர் கையில் ‘நெகட்டிவ்’ என்ற முடிவு மிகவும் ஆபத்தானது. இந்த வைரஸைப் பொறுத்தவரை, நெகட்டிவ் என்றால் வைரஸ் இல்லை என்று பொருளாகாது. நாம் எடுத்த மாதிரியில், நாம் பயன்படுத்திய பிரைமருக்கு (வைரஸின் மரபுவரிசையில் பொருந்தி ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுக்கு) அகப்படக்கூடிய வகை, நம் முறையால் காணக்கூடிய அளவில் தென்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். இவற்றில் எந்தக் காரணத்தால் நெகட்டிவ் வந்தது என்பதைப் பிரித்தறியும் வகையில் வேலையை அமைத்துக்கொள்வது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் வைரஸை அறிந்துகொள்ளுங்கள்

1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள நார்வாக் என்ற ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியில் வாந்தி நோய் பரவியது. அங்கிருந்து பெற்ற மாதிரிகளில், 1972இல் ஆல்பர்ட் கபிகியனும் அவருடைய குழுவினரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியாகச் சுமார் 27 நானோமீட்டர் அளவுள்ள துகள்களைக் கண்டனர். வெறுமனே உற்றுப் பார்த்து அவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நோயிலிருந்து மீண்டவரின் சீரத்தை மாதிரியுடன் கலந்து, அதிலுள்ள ஆன்டிபாடிகள் துகள்களை ஒன்றுசேர்த்த பிறகே அவை கண்ணுக்குத் தெரிந்தன. ஒன்றைத் தேட, அதை அடையாளம் காணும் வேறொன்று தேவைப்பட்டது. இன்று ஆன்டிபாடியின் இடத்தில் பிரைமர் இருக்கிறது என்பதைத் தவிர, அந்த அடிப்படை மாறவில்லை.

நோரோ வைரஸின் மரபுத்தொகை ஏறத்தாழ 7,500 எழுத்துகள் நீளமுள்ள ஓரிழை ஆர்என்ஏ. அதில் மூன்று வாசிப்புப் பகுதிகள் உள்ளன. முதல் பகுதியில், வைரஸ் தன்னைப் படியெடுத்துக்கொள்ளப் பயன்படும் பாலிமரேஸ் உள்ளிட்ட புரதங்களுக்கான குறிப்பும், இரண்டாவதில் வெளியுறையின் முதன்மைப் புரதத்துக்கான குறிப்பும், மூன்றாவதில் உறையின் சிறு புரதத்துக்கான குறிப்பும் அடங்கியுள்ளன. அந்தப் பாலிமரேஸுக்குத் தான் செய்யும் எழுத்துப்பிழையைத் திருத்தும் திறன் இல்லாததால், ஒவ்வொரு படியெடுப்பிலும் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. அத்துடன், ஒரே ஆளின் குடலில் இரண்டு வகை வைரஸ்கள் சந்தித்தால், முதல் பகுதியும் இரண்டாம் பகுதியும் இணையும் சந்திப்பில் ஒன்றின் தலையும் மற்றொன்றின் உடலும் சேர்ந்து ஒரு கலப்பு வைரஸ் உருவாவதும் வழக்கம்.

இதன் விளைவை எண்களில் பாருங்கள். போலியோ வைரஸில் மூன்றே வகைகள். நோரோ வைரஸில், 2019இல் புதுப்பிக்கப்பட்ட வகைப்பாட்டின்படி 10 மரபுக்குழுக்கள், அவற்றுக்குள் 49 மரபுவகைகள்; பாலிமரேஸ் பகுதியைத் தனியாக வகைப்படுத்தினால் 60 வகைகள். இரண்டு மரபுக்குழுக்களுக்கிடையே உறைப்புரதத்தின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ பாதி வேறுபடக்கூடும். மனிதரை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, ஒன்பது ஆகிய மரபுக்குழுக்கள் தாக்குகின்றன என்றாலும், நம் மேசைக்கு வரும் நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோரிடம் காணப்படுவது முதலாவதும் இரண்டாவதும்தான். இக்கட்டுரையில் அவற்றை ஜி1, ஜி2 என்று குறிப்பிடுகிறேன். ஜி2இன் நான்காவது மரபுவகையான ஜி2.4தான் 1990களின் நடுப்பகுதியிலிருந்து நெடுங்காலம் உலகெங்கும் பெரும்பாலும் முன்னணியில் இருந்தது. அதுவும் ஒரே முகத்துடன் இருப்பதில்லை. 2002இல் ஃபார்மிங்டன் ஹில்ஸ், 2004இல் ஹன்டர், 2006இல் டென் ஹாக், 2009இல் நியூ ஆர்லியன்ஸ், 2012இல் சிட்னி என்று, சில ஆண்டுகளுக்கொரு முறை உறையை மாற்றிக்கொண்டு, முன்பு உருவான எதிர்ப்பாற்றலைத் தாண்டி வந்திருக்கிறது.

மாதிரி சேகரிப்பு

ஆய்வகத்துக்கு வெளியே நடக்கும் வேலைதானே என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். தவறான நெகட்டிவ்களுள் கணிசமானவை, வைரஸின் மரபுப்பொருளைப் பலமடங்கு பெருக்கிக் காணும் பிசிஆர் கருவியில் உண்டாவதில்லை. மாதிரி எடுத்த நாளிலேயே உண்டாகிவிடுகின்றன.

மலமே முதன்மையான மாதிரி. நோய் தொடங்கிய 48 முதல் 72 மணி நேரத்துக்குள், மலம் இளகியிருக்கும்போதே எடுப்பது மிகச் சிறந்தது. அதன் பிறகும் வாரக்கணக்கில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால், தாமதமாக வந்த மாதிரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் அளவு குறைந்திருக்கும் என்பதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். வாந்தி மாதிரியிலும் வைரஸைக் காணலாம். மலம் கிடைக்காதபோது அது துணையாக உதவும். மலக்குடல் ஸ்வாபில் பொருள் மிகக் குறைவாக இருப்பதால், வேறு வழியில்லாதபோது மட்டும் அதை ஏற்க வேண்டும். மாதிரியை உலர்ந்த, கசியாத, திருகுமூடியுள்ள கொள்கலனில் எதையும் சேர்க்காமல் வாங்க வேண்டும். ஃபார்மலின் கலந்து அனுப்பப்பட்ட மலம் இந்தப் பரிசோதனைக்குப் பயன்படாது என்பதை மருத்துவமனை வார்டுகளுக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது.

கூட்டு நோய்ப்பரவல் என்றால், குறைந்தது ஐந்து பேரிடமிருந்து மாதிரி கேளுங்கள். இருவரிடமாவது வைரஸ் உறுதியானால்தான் பரவலுக்கு நோரோ வைரஸே காரணம் என்று சொல்வது வழக்கம். ஒரேயொரு மாதிரியை மட்டும் சோதித்து ஒரு விடுதியின் நிலையைத் தீர்மானிக்க முடியாது. மாதிரியுடன் வரும் படிவத்தில் நோய் தொடங்கிய நாளும் நேரமும், வாந்தி இருந்ததா என்பதும், எத்தனை பேர் பாதிக்கப்பட்டனர் என்பதும் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டோருக்கு வாந்தி, சராசரியாக 24 முதல் 48 மணி நேர நோயரும்பு காலம், 12 முதல் 60 மணி நேரத்துக்குள் தணியும் நோய், பாக்டீரியா எதுவும் வளராத கல்ச்சர் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தால், பிசிஆர் முடிவு வரும் முன்பே நோரோ வைரஸ் என்ற ஐயம் வலுப்படும். 1982இல் காப்லானும் உடன் ஆய்வாளர்களும் வகுத்த இந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. பின்னர் உங்கள் பிசிஆர் முடிவு இந்த நான்குடனும் ஒத்துப்போகாவிட்டால், ஐயப்பட வேண்டியது முதலில் உங்கள் முடிவின் மீதே.

மாதிரிகளை மூன்றடுக்குப் பொதியில், ஐஸ் பேக்குகளுக்கு நடுவே, 4 டிகிரி செல்சியஸ் அளவில் கொண்டுவர வேண்டும். அந்த வெப்பநிலையில் இரண்டு மூன்று வாரங்கள் வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் என்றால் சிறு பகுதிகளாகப் பிரித்து மைனஸ் 70 டிகிரியில் உறையவைக்க வேண்டும். உறையவைப்பதும் உருகவைப்பதுமாக மாறி மாறிச் செய்வது ஆர்என்ஏவைச் சிதைக்கும்.

மேசையில் பாதுகாப்பு

நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கான வைரஸ் துகள்கள் இருக்கும். தொற்று உண்டாக இருபதுக்கும் குறைவான துகள்கள் போதும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், கையுறை ஏன், பயோசேஃப்டி கேபினெட் ஏன் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. கொழுப்புறை இல்லாத வைரஸ் என்பதால் ஆல்கஹால் சானிடைசர் இதன் மீது நம்பத்தக்க வகையில் வேலை செய்யாது. கைகளைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். மேசையைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைக்க வேண்டும். 5 சதவீதக் கரைசலின் ஒரு பங்குடன் ஒன்பது பங்கு நீர் சேர்த்தால் 5,000 பிபிஎம் கிடைக்கும். மலம் சிந்திய இடத்துக்கு அதுவே தேவை. அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும், ஏனெனில் வெயில் காலத்தில் அந்தக் கரைசல் விரைவில் வலுவிழக்கும்.

இங்கே புதியவர்கள் தவறாமல் அறிய வேண்டிய ஓர் எச்சரிக்கை உண்டு. ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் கிட்டுகளில், வைரஸை உடைக்கும் கரைசலான லைசிஸ் பஃபரில் குவானிடின் உப்பு இருக்கிறது. அது ஹைப்போகுளோரைட்டுடன் கலந்தால் நச்சு வாயுக்கள் வெளிப்படும். லைசிஸ் பஃபர் சிந்தினால் முதலில் நீராலும் சோப்பாலும் துடைத்தெடுத்துவிட்டு, அதன் பின்னரே ஹைப்போகுளோரைட்டைத் தொட வேண்டும். அந்த பஃபர் கலந்த கழிவுப் பாட்டிலுக்குள் ஹைப்போகுளோரைட்டை ஊற்றவே கூடாது.

மலக் கரைசல் தயாரித்தல்

மலத்தை நேரடியாகப் பயன்படுத்தாமல், பாஸ்பேட் பஃபர் சலைனில் 10 சதவீதக் கரைசலாக்க வேண்டும். 0.1 கிராம் மலத்துடன், அதாவது ஒரு பட்டாணி அளவுக்கும் குறைவான பொருளுடன், 0.9 மில்லிலிட்டர் பஃபரைச் சேர்த்து, நன்றாக வர்டெக்ஸ் செய்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகம் எடுத்தால் அதிக வைரஸ் கிடைக்கும் என்று எண்ணி ஒரு கரண்டி மலத்தை அள்ளிப் போடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. மலத்திலுள்ள பித்த உப்புகளும் சிக்கலான சர்க்கரைச் சேர்மங்களும் பிசிஆர் வினையைத் தடுப்பவை. மலம் கூடினால் வைரஸோடு சேர்ந்து தடுப்பான்களும் கூடும்; பல நேரங்களில் வினை அடியோடு நின்றுவிடும்.

சுழற்சி வேகத்தைக் குறிப்பிடும்போது, செய்முறைத் தாளில் இருப்பது ஜி விசையா, ஆர்பிஎம்மா (நிமிடச் சுற்றுகளா) என்று பாருங்கள். 10,000 ஜி என்று எழுதியிருக்க, 10,000 ஆர்பிஎம் வைத்துச் சுழற்றுபவர்கள் இருக்கிறார்கள். ரோட்டரின் ஆரம் 8 சென்டிமீட்டர் என்றால், 10,000 ஆர்பிஎம்மில் கிடைப்பது ஏறத்தாழ 8,900 ஜிதான். சிறிய ரோட்டரில் இன்னும் குறையும்.

ஆர்என்ஏ பிரித்தெடுத்தலும் எம்எஸ்2 சேர்த்தலும்

சிலிகா காலம் கொண்டோ காந்த மணிகள் கொண்டோ பிரித்தெடுக்கும் கிட்டுகளில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்; அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இருப்பதாக நான் கருதவில்லை. விடக்கூடாதது உள்கட்டுப்பாடு. எம்எஸ்2 என்பது ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் ஓர் ஆர்என்ஏ வைரஸ், மனிதருக்குத் தீங்கற்றது, நோரோவைப் போலவே கொழுப்புறை இல்லாதது. ஒவ்வொரு மாதிரியிலும் லைசிஸ் பஃபர் சேர்க்கும் நேரத்திலேயே இதை ஒரே அளவில் சேர்த்துவிட்டால், பின்னர் பிசிஆரில் எம்எஸ்2 உரிய இடத்தில் தென்படும் மாதிரிகளில் பிரித்தெடுத்தல் ஒழுங்காக நடந்திருக்கிறது என்றும், தடுப்பான்கள் குறுக்கிடவில்லை என்றும் கொள்ளலாம். எம்எஸ்2 தென்படாத மாதிரியில் நோரோவும் தென்படாவிட்டால், அது நெகட்டிவ் அன்று; செல்லாத முடிவு. அந்த ஆர்என்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள். தடுப்பான்கள் நீர்த்துப்போய் வினை பல நேரங்களில் உயிர்பெறும். அதிலும் எம்எஸ்2 வராவிட்டால் மலத்திலிருந்தே மறுபடியும் தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு தொகுதியிலும், மலத்துக்குப் பதிலாக பஃபரை மட்டும் வைத்து முழுச் செய்முறையையும் கடக்கும் ஒரு வெற்று மாதிரியும் இருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் நான் இருந்த ஓர் ஆய்வகத்தில், நேரம் போதவில்லை என்று ஒரு நாள் இதை விட்டுவிட்டோம். அன்று பதினான்கு மாதிரிகளும் பாசிட்டிவாக வந்தன. அவற்றுள் எத்தனை உண்மை, எத்தனை பக்கத்துக் குழாயிலிருந்து பரவியவை என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை. அன்றைய வேலை முழுவதையும் தள்ளிவிட்டு மலத்திலிருந்து திரும்பத் தொடங்கினோம். விடுதிக்கு முடிவு இரண்டு நாள் தாமதமாகப் போனது. அந்த இரண்டு நாளும் சமையற்கூடம் திறந்தே இருந்தது என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

ரியல்டைம் ஆர்டி-பிசிஆர்

இந்தப் படிதான் இக்கட்டுரையின் மையம். இவ்வளவு பல்வகைமை உள்ள வைரஸின் எந்த இடத்தில் பிரைமரைப் பொருத்துவது? மேலே சொன்ன கலப்பு நிகழும் இடமான முதல் இரண்டு வாசிப்புப் பகுதிகளின் சந்திப்புதான், வியப்பாக, மரபுத்தொகை முழுவதிலும் மிகக் குறைவாக மாறும் இடம். ஜப்பானியரான ககெயாமாவும் அவருடைய குழுவினரும் 2003இல் அந்த இடத்துக்கென வடிவமைத்த பிரைமர்களும், பெருகும் துண்டில் ஒட்டி ஒளிகாட்டும் புரோப்களும்தான், சிறு மாற்றங்களுடன், இன்றளவும் உலகின் பல ஆய்வகங்களின் செய்முறைகளுக்கு அடிப்படையாக உள்ளன.

‘மிகக் குறைவாக மாறும்’ என்றால் மாறவே மாறாது என்று பொருளன்று. ஆகவேதான் இந்தப் பிரைமர்கள் எழுத்து நெகிழ்வுடன் எழுதப்பட்டுள்ளன. ஜி2க்கான முன்னோக்குப் பிரைமரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் 26 எழுத்துகள். அவற்றுள் ஆறு இடங்களில் ஒரே எழுத்து உறுதியாக இல்லை. நான்கு இடங்களில் இரண்டிலொன்று வரலாம், ஓர் இடத்தில் மூன்றிலொன்று, மற்றோர் இடத்தில் நான்கில் எதுவும் வரலாம். பெருக்கிப் பார்த்தால் 192. ஒற்றைப் பிரைமர் என்று நாம் ஆர்டர் செய்து பைப்பெட்டால் எடுப்பது, உண்மையில் 192 விதமான பிரைமர்களின் கலவை. இதற்கு விலையும் உண்டு: ஒரு குறிப்பிட்ட வைரஸுக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும் பிரைமர், அந்தக் கலவையில் 192இல் ஒரு பங்குதான். எல்லா இடங்களையும் நெகிழ்த்தினால் எல்லா வகைகளும் அகப்படும் என்று நினைத்து வடிவமைப்பவர்கள், எதையும் நன்றாகப் பிடிக்காத பிரைமரில் போய் நிற்பது இதனால்தான். ஜி1, ஜி2 இரண்டுக்கும் பொதுவாக ஒரே பிரைமர் என்று இல்லாமல், தனித்தனிப் பிரைமர்களும் வெவ்வேறு நிறம் காட்டும் புரோப்களும் வைத்திருப்பதன் காரணமும் இதுவே.

செய்முறையைப் பொறுத்தவரை, பிரைமரும் புரோபும் நொதிகளும் அடங்கிய மாஸ்டர் மிக்ஸ் கலக்கும் அறை, ஆர்என்ஏ சேர்க்கும் அறை, பிசிஆர் கருவி உள்ள அறை ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். நடை ஒரே திசையில்தான். கருவி அறைக்குப் போன கோட்டுடன் மாஸ்டர் மிக்ஸ் அறைக்குத் திரும்பக் கூடாது. ஃபில்டர் டிப் மட்டுமே பயன்படுத்துங்கள். கருவி முதலில் ஒரு நொதியைக் கொண்டு ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும்; பிறகு 95 டிகிரி வெப்பத்தில் அந்த நொதியை முடக்கி, அடுத்த நொதியை இயக்கும்; தொடர்ந்து 40 முதல் 45 சுழற்சிகள் ஓடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஜி1க்கும் ஜி2க்கும் தனித்தனிப் பாசிட்டிவ் கன்ட்ரோல், நீர் மட்டும் இட்ட நெகட்டிவ் கன்ட்ரோல், முன்பு சொன்ன வெற்று மாதிரி ஆகியவை இருக்க வேண்டும். பாசிட்டிவ் கன்ட்ரோலாக, அதிக வைரஸ் உள்ள ஒரு நோயாளியின் மாதிரியை வைத்துக்கொள்வதைவிட, செயற்கையாகத் தயாரித்த ஆர்என்ஏவை, அதிலும் இயற்கையில் இல்லாத ஓர் அடையாளத் துண்டு செருகப்பட்டதை, பயன்படுத்துவது நல்லது. என்றேனும் கன்ட்ரோல் சிந்தி மாதிரியில் கலந்துவிட்டால், அந்தத் துண்டைத் தேடியே உண்மையைக் கண்டுகொள்ளலாம்.

ஒளி கூடுவதைச் சுழற்சிவாரியாகக் காட்டும் வரைகோடுகளைப் படிக்கும்போது, மென்பொருள் தரும் எண்ணை மட்டும் நம்பாமல் கோட்டின் வடிவத்தைக் கண்ணால் பாருங்கள். சிடி மதிப்பு, அதாவது கோடு எழத் தொடங்கும் சுழற்சியின் எண், 3.3 கூடினால் ஆர்என்ஏ ஏறத்தாழ பத்து மடங்கு குறைவு என்று பொருள். ஆனால் அந்தக் கணக்கு, பிரைமரும் புரோபும் முழுமையாகப் பொருந்தும்போது மட்டுமே செல்லும். கோடு தாமதமாக எழுவதோடு, சரிவாக, உயரம் குறைந்து, பக்கத்துக் கோடுகளிலிருந்து மாறுபட்டுத் தெரிந்தால், வைரஸ் குறைவாக இருப்பது மட்டுமே காரணமாக இராது. புரோபின் இடத்திலோ, பிரைமரின் மூன்றாம் முனை என்று சொல்லப்படும் கடைசி எழுத்துகளிலோ பொருத்தமின்மை இருக்கலாம். அந்த முனையிலுள்ள ஓர் எழுத்துப் பிழை, தொடக்க முனையிலுள்ள இரண்டு மூன்று பிழைகளைவிடக் கெடுதல் செய்யும். அத்தகைய மாதிரியை அடுத்து வரும் மரபுவகைப் பகுப்பாய்வுக்கு முதலில் அனுப்புங்கள்.

ஆன்டிஜென் பரிசோதனைகள் குறித்து

எலைசா வடிவிலும் பட்டை வடிவிலும் ஆன்டிஜென் கிட்டுகள் கிடைக்கின்றன. அவை மாறிக்கொண்டேயிருக்கும் உறைப்புரதத்தை ஆன்டிபாடியால் அடையாளம் காண்பவை என்பதால், பல்வகைமையின் சுமை முழுவதும் அவற்றின் மீதே விழுகிறது. 2014-15 குளிர்காலத்தில் சீனாவின் சில பகுதிகளிலும் ஜப்பானிலும் ஜி2.4ஐப் பின்தள்ளி ஜி2.17 பெருகியபோது, அதைச் சரிவரக் காணத் தவறிய கிட்டுகள் இருந்தன. பரவல் நேரத்தில் பல மாதிரிகளை விரைந்து பார்க்க இவை உதவலாம். தனியொரு நோயாளிக்கு இவற்றை மட்டும் வைத்து நெகட்டிவ் என்று எழுதிக் கொடுப்பது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

மரபுவகையைக் கண்டறிதல்

பாசிட்டிவ் என்று தெரிந்தபின் எந்த வகை என்று ஏன் பார்க்க வேண்டும்? அந்த நோயாளியின் சிகிச்சை இதனால் மாறப்போவதில்லை. நீரும் உப்பும் ஈடுசெய்வதே சிகிச்சை. ஆனால் இரண்டு விடுதிகளில் நடந்த பரவல்கள் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்பதையும், ஊரில் புதிய வகை நுழைந்திருக்கிறதா என்பதையும், நம் பிரைமர்கள் இன்னமும் பொருந்துகின்றனவா என்பதையும் வரிசையறிதல் மட்டுமே சொல்லும்.

ரியல்டைம் பிசிஆரில் பெருக்கப்படும் துண்டு மிகச் சிறியது. வகை பிரிக்கப் போதாது. எனவே பாலிமரேஸ் பகுதியின் கடைசியிலிருந்து உறைப்புரதப் பகுதியின் தொடக்கம் வரை, ஏறத்தாழ 570 எழுத்துகள் நீளமுள்ள துண்டை வேறு பிரைமர்கள் கொண்டு சாதாரண பிசிஆரில் பெருக்கி, ஜெல்லில் பார்த்து, தூய்மைப்படுத்தி, சாங்கர் என்ற வரிசையறியும் முறையில் இரு திசைகளிலும் வாசிக்கிறோம். சந்திப்பின் இரு பக்கங்களையும் ஒரே துண்டில் பிடிப்பதுதான் இதன் சிறப்பு. கலப்பு வைரஸின் தலை ஒரு வகையாகவும் உடல் வேறு வகையாகவும் இருக்கும் என்பதால், இரண்டையும் சேர்த்தே பெயரிட வேண்டும். ஜி2.4 சிட்னி[பி31], ஜி2.4 சிட்னி[பி16] ஆகிய இரண்டும் ஒரே உறையை அணிந்தவை, அடைப்புக்குறிக்குள் இருக்கும் பாலிமரேஸ் வகை மட்டும் வேறு. உறையை மட்டும் வாசித்த ஆய்வகம் இவ்விரண்டையும் ஒன்றென்றே எண்ணியிருக்கும்.

நீண்ட துண்டு என்பதால், சிடி மதிப்பு முப்பதுகளின் நடுவைத் தாண்டிய மாதிரிகளில் இது பெரும்பாலும் பெருகாது. அதற்காக முதல் முடிவை மாற்ற வேண்டாம். ‘வகை கண்டறிய இயலவில்லை’ என்று எழுதினால் போதும். வாசித்த வரிசையின் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு சிகரங்கள் தொடர்ச்சியாகத் தெரிந்தால், இரண்டு வகைகள் ஒருங்கே தொற்றியிருக்கலாம். கழிவுநீர் கலந்த நீரில் வளர்ந்த ஆளி என்ற சிப்பியைச் சமைக்காமல் உண்டவர்களிடம் இதைப் பெரும்பாலும் காணலாம். வகைப்பெயரை நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனமான ஆர்ஐவிஎம்மோ அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியோ இணையத்தில் வழங்கும் வகைப்படுத்தும் கருவியில் வரிசையை இட்டுப் பெறலாம். அமெரிக்க ஆய்வகங்கள் 2009 முதல் கலிசிநெட் என்ற வலையமைப்பில் தங்கள் வரிசைகளைச் சேர்த்து ஒப்பிட்டுவருகின்றன. ஐரோப்பாவில் நோரோநெட் அந்தப் பணியைச் செய்கிறது.

உணவிலோ நீரிலோ தேடுவது தனிக்கலை. ஐஎஸ்ஓ 15216 என்ற தரநிலை அதற்கென இருக்கிறது. அதன்படி, ஆளியில் முழு உடலையும் அரைக்காமல் செரிமானச் சுரப்பியை மட்டும் வெட்டியெடுத்து, 2 கிராம் அளவில் சோதிக்கிறார்கள். எம்எஸ்2வைப் போன்ற ஒரு துணை வைரஸை முதலிலேயே சேர்த்து, அதில் குறைந்தது 1 சதவீதமாவது மீண்டு வந்தால்தான் முடிவை ஏற்கிறார்கள். நூற்றில் ஒன்றுதான் மீளும் என்ற நிலையையே ஏற்கத்தக்கதாக வைத்திருப்பது, அந்த வேலை எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும்.

அறிக்கை எழுதுதல்

‘நோரோ வைரஸ்: நெகட்டிவ்’ என்று எழுதாதீர்கள். ‘நோரோ வைரஸ் ஜி1, ஜி2 ஆர்என்ஏ கண்டறியப்படவில்லை, உள்கட்டுப்பாடு செல்லுபடியானது’ என்று எழுதுங்கள். நீங்கள் எதைத் தேடினீர்கள், எதைத் தேடவில்லை என்பதை மருத்துவர் அந்த ஒரு வரியிலேயே அறிந்துகொள்வார். நோயின் போக்கு நோரோவைப் போலவே இருந்து முடிவு இவ்வாறு வந்தால், சாப்போ வைரஸ், ஆஸ்ட்ரோ வைரஸ், ரோட்டா வைரஸ், அடினோ வைரஸ் 40, 41 ஆகியவற்றைப் பார்க்கப் பரிந்துரையுங்கள்.

பாசிட்டிவ் முடிவிலும் கவனம் தேவை. நோய் தீர்ந்த பின்னரும் பல வாரங்கள் ஆர்என்ஏ வெளியேறும். அறிகுறியே இல்லாதவர்களிடமும் காணப்படும். வேலூரையும் ஒரு மையமாகக் கொண்டு எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறப்பு முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதுக்குள் ஒரு முறையாவது இத்தொற்றுக்கு உள்ளாகியிருந்தனர். வயிற்றுப்போக்கு இல்லாத நாட்களில் எடுத்த மலத்திலும் வைரஸ் இருந்தது. ஆகவே தனியொரு குழந்தையிடம் சிடி மதிப்பு முப்பதுக்கு மேல் வந்தால், இன்றைய நோய்க்கு அதுவே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லாமல், மருத்துவரிடம் பேசுங்கள். சமையற்காரர் மீண்டும் வேலைக்கு வரலாமா என்று தீர்மானிக்கவும் பிசிஆரைப் பயன்படுத்தக் கூடாது. அது ஆர்என்ஏவைத்தான் காட்டும், தொற்றும் திறனைக் காட்டாது. மனித நோரோ வைரஸை ஆய்வகத்தில் நம்பத்தக்க வகையில் வளர்ப்பதே 2016இல்தான், குடல் ஸ்டெம் செல்களிலிருந்து உருவாக்கிய சிறுகுடல் மாதிரியுறுப்புகளில், கைகூடியது. அன்றாடப் பரிசோதனைக்கு அது இன்னும் எட்டாத தொலைவில் இருக்கிறது.

முடிவைத் தொலைபேசியில் அன்றே சொல்லிவிடுங்கள். 2021 நவம்பரில் கேரளத்தின் வயநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்களிடையே பரவியபோது, மாதிரிகள் ஆலப்புழையிலுள்ள வைராலஜி நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு நோரோ வைரஸ் என உறுதியானது. குடிநீர் மூலங்களுக்குக் குளோரின் இடுவது முதலான பணிகளை மாவட்டச் சுகாதாரத் துறை முடுக்கியது. அச்சிட்ட அறிக்கை மூன்று நாள் கழித்துப் போய்ச் சேர்வதற்குள் விடுதியில் இன்னொரு சுற்றுத் தொற்று முடிந்துவிடும்.

மீதியைப் பாதுகாத்தல்

ஆண்டுக்கொரு முறையாவது, பொதுத் தரவுத்தளங்களில் அந்த ஆண்டு சேர்ந்த புதிய வரிசைகளை எடுத்து, உங்கள் பிரைமர்களும் புரோப்களும் அவற்றுடன் எத்தனை இடங்களில் பொருந்தவில்லை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கிட் வாங்கிப் பயன்படுத்துபவர்களுக்குப் பிரைமரின் வரிசை தெரியாது என்பதால், தயாரிப்பு நிறுவனத்திடமே அந்த ஒப்பீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. நோயின் போக்கு முழுவதும் நோரோவைச் சுட்டியும் எதுவும் அகப்படாத பரவல்களின் மாதிரிகளை ஒருபோதும் எறியாதீர்கள். மலக் கரைசலையும் ஆர்என்ஏவையும் தனித்தனிக் குழாய்களில் இட்டு, மாதிரி எண், எடுத்த நாள், சோதித்த நாள், பயன்படுத்திய பிரைமர்த் தொகுதி ஆகிய நான்கையும் உறைநிலையிலும் அழியாத லேபிளில் எழுதி, மைனஸ் 70 டிகிரியில் தனிப் பெட்டியில் வையுங்கள். அடுத்த பிரைமர்த் தொகுதி வந்ததும் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டியது அந்தப் பெட்டியைத்தான்.